நாஞ்சில் நாட்டில் ஆங்கிலத் தேர்வும் அதன் துணை நூல்களும்

குமரி மாவட்டத்து மாணவனுக்குப் பல மொழிகளோடு பழகும் வாய்ப்பு இளமையிலேயே அமைந்திருந்தது. வீட்டில் அவன் தமிழ் பேசினான். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும்வரை இப்பகுதி மலையாள அரசின்கீழ் இருந்தமையால், அரசு அலுவலகங்களில் மலையாளம் அவனை எதிர்கொண்டது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாயின் மக்தபில் அமர்ந்து அரபு எழுத்தையும் ஓதினான். இவற்றோடு நான்காவதாக வந்து சேர்ந்தது ஆங்கிலம். முதல் மூன்று மொழிகளும் வாழ்க்கையோடு வந்தவை. ஆங்கிலமோ தேர்வோடு வந்தது. அத்தேர்வுக்கு மாணவனை ஆயத்தம் செய்ய எத்தகைய நூல்கள் இருந்தன, அவை நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குக் கிட்டின என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிலாடியில் தொடங்கிய கல்வி

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1809 ஆம் ஆண்டு மயிலாடியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1818 இல் வந்த சார்லஸ் மீட் பணியின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1820 இல் அங்கே ஓர் அச்சகம் நிறுவப்பெற்றது. திருவிதாங்கூர் நாட்டின் முதல் அச்சகம் அதுவே என்பர். பாட நூலைக் கையால் படியெடுத்த காலம் மாறி, ஒரே நூலின் பல படிகள் மாணவர் கைகளில் தவழும் காலம் அவ்வாறே இங்குப் பிறந்தது.

நாகர்கோவிலில் வளர்ந்த ஆங்கிலக் கல்வியின் புகழ் திருவனந்தபுரம் அரண்மனை வரை சென்றது. மன்னர் சுவாதித் திருநாள் நாகர்கோவிலில் ஆங்கிலம் பயிற்றிவந்த ராபர்ட்ஸ் என்பாரை அழைத்து, 1834 இல் தம் தலைநகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கச் செய்தார். அப்பள்ளியே வளர்ந்து 1866 இல் கல்லூரியாகி, இன்று திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர் பெற்று விளங்குகிறது. கேரளத் தலைநகரின் உயர்கல்விக்கு விதை நாஞ்சில் நாட்டிலிருந்து சென்றது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். நாகர்கோவில் பள்ளியோ 1893 இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது.

தேர்வு வந்தது

1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதனோடு மெட்ரிகுலேஷன் தேர்வும் தோன்றியது. திருவிதாங்கூர் மாணவரும் அத்தேர்வையே எழுதினர். அதில் தேறியவனுக்கு அரசுப் பணியின் கதவு திறந்தது. 1891 இல் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மன்னரிடம் அளித்த மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம், உயர் பதவிகள் வெளியாருக்கே செல்கின்றன என முறையிட்டது. ஆங்கிலம் கற்றோர் பெருகிய பின்னரே அவ்வாறு கேட்கும் துணிவு அந்நாட்டு மக்களுக்குப் பிறந்தது. பின்னாளில் இ.எஸ்.எல்.சி. எனப்பெற்ற ஆங்கிலப் பள்ளி இறுதிச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்ற வல்லதாயிற்று.

இத்தேர்வுக்குரிய துணை நூல்கள் யாவை? முதலாவது அகராதி. 1779 இல் வேப்பேரியில் பெப்ரீசியுஸ் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியும், 1862 இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்த வின்சுலோ அகராதியும் இவ்வழியில் பெரும் முயற்சிகள். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உழைப்பே சென்னையில் வின்சுலோ அகராதியாக நிறைவுற்றது. இரண்டாவது இலக்கணம். வட இந்தியாவில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெஸ்பீல்டு எழுதிய இலக்கண நூல்கள் 1890களிலிருந்து இந்தியப் பள்ளிகளை ஆண்டன. 1930களில் பம்பாய்க் கல்விப் பணியில் இருந்த ரென்னும் அவருடன் மார்ட்டினும் எழுதிய இலக்கணம் அவ்விடத்தைப் பிடித்தது. இன்றும் அது பல வீடுகளில் உள்ளது.

மூன்றாவது வாசகம். கிழக்கு வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1920களில் ஒரு புதிய வழி கண்டார். மாணவனுக்கு அறியாத சொற்களை அள்ளிக் கொட்டாமல், மிகுதியும் வழங்கும் சொற்களைத் தேர்ந்து, அவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கதைகள் எழுதுவதே அவ்வழி. பள்ளியை இடையில் விட்டுச் செல்லும் ஏழை மாணவனும் படித்த அளவுக்குப் பயன் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த மூன்றாண்டுகளில், 1959 இல், ஏறத்தாழ 27,000 தொடக்க ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பெருந்திட்டம் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்றுவிக்க, உருளும் பனிப்பந்து பருப்பது போல் அது பெருகும் என எதிர்பார்த்தனர். நூல் மட்டும் போதாது, அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்பதை அரசே உணர்ந்த வேளை அது.

நாம் ஏன் பின்தங்கினோம்?

தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் இம்மாவட்டத்தில் பல. ஆங்கிலப் பள்ளி மிக அருகில் இருந்தும், நெடுங்காலம் நம்மவர் பலர் அதனுள் நுழையத் தயங்கினர். பள்ளியை நடத்தியோர் மிஷனரிகள். பிள்ளையின் மார்க்கம் கெட்டுவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு. வணிகக் குடும்பத்துக்குக் கணக்கும் கடிதமும் போதுமே என்ற எண்ணமும் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பை, தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988 இல் வெளிவந்த ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ நாவலில் உள்ளம் உருகச் சித்திரித்துள்ளார்.

அந்த அச்சத்தை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் அதே அச்சம் நிலவிய இலங்கையில் நடந்தது வேறு. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலக் கல்வியும் வேண்டும் என வாதாடினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு அங்கு வாழ்ந்த உராபி பாஷாவின் ஆதரவும் சேர, 1892 இல் கொழும்பு மருதானையில் ஒரு பள்ளி எழுந்தது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. பிறர் பள்ளிக்கு அஞ்சியவர்கள் தமக்கென ஒரு பள்ளி கண்டனர்.

மார்க்கமும் இதற்குத் தடையன்று. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததும், அவர் அரைத் திங்களுக்குள் அதில் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் காணும் செய்தி.

நம்மிடமே இருந்த முறை

அயல்மொழி ஒன்றைக் கற்பிக்கும் முறை நம் முன்னோரிடமே இருந்தது. ஓதும் அரபுச் சொல்லின் கீழே அதன் தமிழ்ப் பொருளை அரபுத் தமிழ் எழுத்தில் குறித்தனர். சர்ஃபில் சொல் மாறும் வகையையும், நஹ்வில் சொற்றொடர் அமையும் வகையையும் தமிழிலேயே விளக்கினர். தாய்மொழியைப் பாலமாகக் கொண்டு அயல்மொழிக்கு மாணவனை நடத்திச் சென்ற முறை அது. ஆங்கில வகுப்பிலும் இதே பாலம் அமைந்திருந்தால், எத்தனை பிள்ளைகள் அஞ்சி ஓடாமல் நின்றிருப்பர்!

ஆனால் நடந்தது வேறு. தேர்வு நெருங்கியதும் மாணவன் கைக்கு வந்தது நோட்ஸ் என்னும் வினாவிடைச் சுவடி. ‘பசு’ பற்றிய கட்டுரையையும் விடுப்பு விண்ணப்பத்தையும் உருப்போட்டு ஒப்புவித்தான். தேர்வில் தேறினான்; ஆங்கிலத்தில் நான்கு வரி சொந்தமாக எழுத அறியான்.

நினைவாற்றலைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. இடலாக்குடியில் 1874 இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907 இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கருத்தைச் செலுத்திக் காட்டிய மண் இது. ஆனால் அவதானியின் நினைவு கிளிப்பிள்ளையின் நினைவன்று. கேட்ட நொடியில், கொடுத்த சொல்லை வைத்துப் புதிய வெண்பா யாத்துத் தர வேண்டும். ஆழ்ந்த இலக்கணப் பயிற்சியின் மேல் நின்றமையால்தான் அந்நினைவு ஒளிர்ந்தது.

இன்றைய தேர்வு

இன்று வெளிநாடு சென்று படிக்கவோ, செவிலியராகப் பணியாற்றவோ விரும்பும் குமரி மாவட்டத்து ஆண்களும் பெண்களும் ஐயெல்ட்ஸ் போன்ற தேர்வுகளை எழுதுகின்றனர். 1989 முதல் நடைபெறும் அத்தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கையும் சோதித்து, ஒன்பதை உச்சமாக வைத்து மதிப்பளிக்கிறது. மனப்பாடம் செய்த விடை என்று தேர்வாளர் கண்டுகொண்டால் மதிப்பு குறையும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதாருக்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913 இல் முதன்முதலாக நடத்திய தேர்விலேயே பேச்சுக்கும் இடம் இருந்தது. நம் பள்ளி இறுதித் தேர்வுகளோ பெரும்பாலும் தாளும் பேனாவும் கொண்டே நடந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்ற பிள்ளை நேர்முகத்தில் நாவறண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கடன் வாங்கிப் பணம் கட்டித் தேர்வெழுதும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒரு புள்ளி குறைந்தாலும் அந்தக் கடன் மீண்டும் கூடும். ஆகவே தேர்வுக்கு இரண்டு திங்கள் முன்பு வழிகாட்டி நூல் தேடி அலைவதைக் காட்டிலும், பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே வீட்டில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கி வையுங்கள். நாள்தோறும் அரைப் பக்கம் உரக்கப் படிக்கட்டும். படித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டட்டும். வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதி, அறிந்தவரிடம் திருத்தம் பெறட்டும். பழைய வினாத்தாள்கள் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

மக்தப் முடிந்த மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் அறைகள் நம் ஊர்களில் எத்தனை! ஒரு விளக்கும், சில நூல்களும், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும் இருந்தால் அந்த அறை ஒரு பயிற்சி மன்றமாகிவிடும். 1809 இல் மயிலாடியில் பள்ளி எழுந்தபோது நாம் தள்ளி நின்றோம். இன்று நம் மஹல்லாக்களிலேயே அறை இருக்கிறது. அதனைத் திறக்க ஜமாஅத்துப் பெரியோர் முன்வருவார்களா?