‘அந்தக் காலத்து வாத்தியார்’: ஒரு சரித்திரக் குறிப்பு



நம் ஆசிரியர் கல்லூரிச் சங்கக் கூட்டங்களில் வருஷந்தோறும் தவறாமல் காதில் விழுகிற வாசகம் ஒன்று உண்டு. “இப்போ வர்ற பசங்களுக்கு வேலையில ஒரு பக்தியே கிடையாதுங்க. அந்தக் காலத்து வாத்தியார் மாதிரி வருமா?” சொல்கிறவர் 1970களில் பயிற்சி முடித்தவராக இருந்தால், அவரைப் பற்றி அவருடைய தலைமையாசிரியரும் இதையேதான் முணுமுணுத்திருப்பார். மலர்க் குழுவினர் சரித்திரக் கட்டுரை ஒன்று கேட்டதும், அந்த ‘அந்தக் காலம்’ எது என்று தேடிப் பார்க்கலாமே என்று தோன்றிற்று.

சென்னை மாகாணத்தில் ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிவைத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள். ஆசிரியரின் வருமானம் பெரும்பாலும் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் இல்லை, தகுதியுள்ளவர்களை இழுக்க அது போதாது என்று அவரே எழுதுகிறார். நாம் பக்தியோடு நினைத்துக்கொள்கிற திண்ணைப் பள்ளி ஆசான்கள் இவர்கள்தான்! எண்சுவடியும் நெல்லிலக்கமும் பிசகாமல் பிள்ளை ஒப்பித்தால் வாத்தியார் கெட்டிக்காரர். ஒப்பிக்காத பிள்ளைக்குக் கோதண்டம். (இன்றைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: கயிற்றில் தொங்கவிடும் தண்டனை அது.) அந்த மனக்கணக்குத் திறமையை நான் மெச்சுகிறேன். கோதண்டத்தையும் சேர்த்து மெச்ச வேண்டும் என்றால் என்னால் ஆகாது.

அதற்கும் முன்னால் நம் சென்னை எழும்பூரில் நடந்த ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ராணுவ அனாதை இல்லத்துக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியரோ, ‘இதெல்லாம் நடக்கிற காரியமில்லை’ என்று கையை விரித்துவிட்டார். பெல் அவரை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்! 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூல் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை இது. புது முறையைக் கண்டதும் ‘நடக்காது’ என்கிற குரல் அன்றைக்கே இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியானது அதுதான். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில், பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்ற ஏற்பாடும் வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே பாடம் நடந்தது.

இனி நம்மில் மூத்தவர்கள் பெருமைப்படுகிற காலத்துக்கு வருவோம். 1954இல் காமராஜர் முதலமைச்சரானார். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரானார். பள்ளியே இல்லாத கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்தன. இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் பயிற்சிச் சான்றிதழும் டிரங்குப் பெட்டியுமாகப் போய் இறங்கினார்கள். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பை மணலில் எழுதவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தபின் அடுப்படியையும் அவரே பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வீடு வீடாகப் போய், ‘பிள்ளைய அனுப்பும்மா’ என்று கெஞ்சியவரும் அவரே. அது தொண்டுதான், சந்தேகமில்லை. ஆனால் 1955இலேயே சேமநிதி, ஓய்வூதியம், காப்பீடு மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் இந்த மாநில ஆசிரியர்களுக்கு வந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் தொண்டுக்குப் பின்னால், ‘கிழவனானால் கஞ்சிக்கு வழியுண்டு’ என்ற தைரியமும் கொஞ்சம் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

இளையவர்கள் என்ன செய்தார்கள்? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்தது. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான அட்டை முறைதான் அதற்கு மூலம். 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. மேசை நாற்காலி போய், வாத்தியார் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடியில் பிள்ளைகளுக்கு எட்டும்படி கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏற வேண்டும். “தரையில உக்காந்தா மரியாதை போயிடும்” என்றார்கள் எங்கள் வயதுக்காரர்கள். இளையவர்கள் பேசாமல் உட்கார்ந்தார்கள். அந்த முறையில் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். அட்டையைத் தேடுவதிலேயே பாதி நேரம் போன வகுப்புகளும் உண்டு. ஆனால் மக்குப் பிள்ளை என்று மூலையில் ஒதுக்கப்பட்டவன் பக்கத்திலும் ஆசிரியர் போய் உட்கார வேண்டியதாயிற்று.

இப்படி வந்தவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200! ஒரே பயிற்சி, ஒரே பாடநூல், சில இடங்களில் அடுத்தடுத்த வகுப்பறை. இதற்காக அவர்கள் வருஷக் கணக்கில் தெருவில் உட்கார்ந்தபோது, “வேலையை விட்டுட்டுப் போராட்டமா?” என்று கேட்டவர்களில், ஊதியக் குழு நிலுவைக்காகத் தாமும் மறியல் செய்தவர்கள் இருந்தார்கள். மன்றோ சொன்ன ஆறு ரூபாய் ஏழு ரூபாய்க் கணக்கு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

தகுதித் தேர்வு வேறு. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். “பாத்தீங்களா, இந்தத் தலைமுறையின் லட்சணத்தை!” என்று சிரித்தவர்கள் உண்டு. 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் என்பதை யாரும் சொல்லவில்லை. நேரத்தை மூன்று மணியாக்கி அக்டோபரில் மறுபடி நடத்தியதும் சுமார் 19 ஆயிரம் பேர் தேறினார்கள்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் மீதமிருந்தால், இரண்டு வருஷத்துக்குள் அதே தேர்வில் தேற வேண்டும் என்று. இருபது, இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவர்களும் கையேடு வாங்கிப் பிரித்தார்கள். குழந்தை மேம்பாட்டுப் பகுதியில் சந்தேகம் வந்தால் அவர்கள் போய் நிற்க வேண்டிய இடம், அதை 2012இலேயே எழுதித் தேறிவிட்டு அடுத்த வகுப்பில் பாடம் நடத்துகிற இளைய ஆசிரியரின் பக்கம்தான்.