நுங்கு வண்டியும் சைக்கிளும்

பட்டினப்பாலையில், காலில் பொன் அணிந்த பிள்ளைகள் குதிரையில்லாத மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். அது இலக்கியமாகிவிட்டது. குளத்தூர்ப் பக்கம் நம் சேரியில் உருண்டது நுங்கு வண்டி. தின்று போட்ட இரண்டு நுங்குக் கூடு, நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. காசில்லாத கைகள் செய்த கலை அது.

அந்தப் பிள்ளை வளர்ந்து சைக்கிள் வாங்கினாலும், தமிழகத்தின் பல ஊர்களில் சாதி இந்துக்கள் தெருவில் ஏறி ஓட்ட முடியாது; இறங்கி உருட்டித்தான் போகவேண்டும்.

1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. வயல்கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஏறி மிதித்தார்கள்.

தோழர்களே, உருட்டியதிலிருந்து ஏறியதுவரை நம் வரலாறுதான். உங்கள் தெருப் பாட்டிகளிடம் கேட்டு எழுதி வையுங்கள்.