சம்பா கோவிலும் சிலேட்டும்

எங்கள் புதுச்சேரியில் ஜென்மராக்கினி மாதா கோவிலைப் பழைய ஆட்கள் இன்றும் சம்பா கோவில் என்றுதான் சொல்வார்கள். சேசு சபைச் சாமியார்கள் அங்கே கட்டிய சேன் போல் கோவிலின் பெயர் தமிழர் வாயில் சம்பா ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோவிலும் இருந்தது. ஒரு பக்கம் பூசை, மறு பக்கம் மேளம். சாமியார்களுக்கு இது பொறுக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்துத் திருவிழாக்களைத் தடை செய்யச் சொல்லி கவர்னர்களை நெருக்கினார்கள். மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே கிளம்பத் தயாரானார்கள். நெசவாளி போனால் துணி ஏது, துணி இல்லாவிட்டால் கும்பினி ஏது? கவர்னர் இறங்கி வந்தார். பிரெஞ்சுக்காரருக்குப் பக்தியை விடக் கணக்குப் புத்தகம் பெரிது என்பது நல்லதாகவே முடிந்தது.

ஆனால் நைனியப்ப பிள்ளை தப்பவில்லை. அவர் கும்பினியின் தலைமைத் துபாஷி. அந்தப் பதவியில் கிறிஸ்தவர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது சேசு சபையாரின் பிடிவாதம். 1716-இல் கவர்னர் எபேர் அவரைச் சிறையில் தள்ளினார். ஐம்பது கசையடி, மூன்று வருடச் சிறை, சொத்துப் பறிமுதல். மறு வருடம் சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு அநியாயம் என்று பிரான்சில் பிறகு முடிவானது, இறந்தவருக்கு அதனால் என்ன? மகன் குருவப்பா பாரிஸ் போய் ஞானஸ்நானம் பெற்று, ராஜாவிடம் செவாலியே பட்டம் வாங்கித் திரும்பி, அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். எதற்காக ஞானஸ்நானம் பெற்றார் என்பது அவர் மனதுக்குத்தான் வெளிச்சம்.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், போரைக் காரணம் காட்டி துய்ப்ளேக்ஸ் ஈசுவரன் கோவிலை இடிக்க உத்தரவிட்டார். இடித்தபோது சாமியார்கள் நடந்துகொண்ட விதத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தன் டைரியில் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோவில் போயிற்று, ஊர் மதம் மாறவில்லை. பிற்பாடு மக்கள் வேறு இடத்தில் ஈசுவரன் கோவிலைக் கட்டிக்கொண்டார்கள். 1773-இல் போப்பாண்டவரே சேசு சபையைக் கலைத்துவிட, பாரிஸ் வேதபோதக சபைக் குருமார்கள் இங்கே பொறுப்பேற்றார்கள்.

இதுவரை பலருக்குத் தெரியும். இந்தக் குருமார்களில் துப்புயி சாமியாரைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

லூயி சவினியேன் துப்புயி மிஷன் அச்சகத்தைக் கவனித்தவர். மூசே சாமியாரோடு சேர்ந்து பெரிய தமிழ் - பிரெஞ்சு அகராதியை உண்டாக்கியவர். பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த அகராதி தெரியும். ஆபீசில் பழைய நிலப் பத்திரங்களை மொழிபெயர்க்கும்போது நானும் அதைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் 1844-இல் நடந்தது. பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க, இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாளின் மாசற்ற இருதய சபை என்பது அதன் பெயர்.

அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்த பெண் என்றால் தாசி என்று ஊர் நினைத்தது. கிறிஸ்தவக் குடும்பங்களும் அப்படித்தான் நினைத்தன. அதனால் முதல் எதிர்ப்பு கோவிலுக்கு வருகிறவர்களிடமிருந்தே வந்தது. சிப்பாயை அனுப்பிப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க முடியாது. அம்மாவிடம் பேச வேண்டும், பாட்டி சம்மதிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்து பேச, தமிழ் பேசும் பெண்ணால்தான் முடியும். துப்புயி இதைப் புரிந்துகொண்டவர் என்று நினைக்கிறேன்.

எல்லாம் அன்பு மயம் என்று சொல்லவில்லை. கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் பிரித்து சுவர் இருந்த ஊர் இது. 1745-இல் அந்தச் சுவரை வைத்து நடந்த சண்டையையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கர்த்தர் முன்னால் சுவர் எதற்கு என்று கேட்க வேண்டியவர்களே அதோடு நெடுங்காலம் சமாதானமாக இருந்தார்கள்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி கன்னியர் பள்ளியில் மூன்று வருடம் படித்தவள். தாத்தா சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். அந்நாளில் புதுச்சேரியிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். அவர் எழுதும் கடிதத்தைப் பாட்டி தானே படித்து, தானே பதில் எழுதினாள். எங்கள் தெருவில் மற்ற பெண்கள் புருஷன் எழுதியதைக் குமாஸ்தாவிடம் காசு கொடுத்து, அந்த ஆள் உரக்கப் படிக்கக் கூனிக் குறுகிக் கேட்ட காலம் அது. போகப்போக அவர்களும் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு பாட்டியிடம் வந்தார்கள். எந்த வீட்டு ரகசியமும் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

பாட்டி கடைசி வரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றியவள். மூன்று வருடத்தில் வேதத்தில் சேரச் சொல்லி யாராவது கேட்டார்களா என்று ஒரு தடவை விசாரித்தேன்.

"தினமும் செபம் சொல்லுவாங்க, நானும் கூடச் சொல்லுவேன். சேரச் சொல்லி யாரும் கேக்கலைடா. வாய்ப்பாடு தப்பா சொன்னா மட்டும் காதைத் திருகுவாங்க" என்றாள்.