குன்னூர் எலிகளும் நாக்கும்

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ஒரே அறையில் தொடங்கியது மருத்துவர் ராபர்ட் மெக்கரிசனின் பெரிபெரி ஆய்வு. பிற்பாடு எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு எடை பார்த்தார். சப்பாத்தி, பால், காய்கறி தின்றவை நன்றாக வளர்ந்தன. நம்ம மதராஸ் அரிசிச் சாப்பாட்டு எலிகள் மெலிஞ்சு நின்றன. (எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்!)

சாப்பாடு உடம்பை என்ன செய்யும் என்பதுதான் அங்கே கேள்வி. உடம்பு நாக்கை என்ன செய்யும்?

2018-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளுக்கு எட்டு வாரம் கொழுப்புத் தீனி போட்டார்கள். பெருத்தவற்றுக்குச் சுவை மொட்டுகள் சுமார் 25 சதவீதம் குறைந்திருந்தன. அதே தீனி தின்றும் பெருக்காத ரகத்துக்குக் குறையவே இல்லை! அப்போ குற்றவாளி தீனி இல்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு கிளப்பும் அழற்சி. எலிக்கு நடந்தது மனுஷனுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் குன்னூர் டீக்கடையில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்கிற குண்டுப் பையனைத் திட்ட இப்போ எனக்கு மனசு வரலை.