ஒரே நிறுவனத்தின் சாதனங்கள்: சேர்வது எளிது, வெளியேறுவது எளிதா?

புதுதில்லி: கைப்பேசி ஒரு நிறுவனத்துடையது என்றால் மடிக்கணினி, ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ், டேப்லெட் ஆகியவற்றையும் அதே நிறுவனத்திடம் வாங்குவது நல்லதா? புதிய சாதனம் வாங்கச் செல்லும் பலரும் எதிர்கொள்ளும் கேள்வி இது. எல்லாம் ஒரே 'எக்கோசிஸ்டத்தில்' இருந்தால் வசதி என்பதே விற்பனையாளர்கள் வழக்கமாகக் கூறும் பதில். அந்த வசதி உண்மையானதே. ஆனால் அதற்கான விலை ரசீதில் உள்ள தொகையோடு முடிந்துவிடுவதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கும் நாளில்தான் அதன் ஒரு பகுதி தெரியவருகிறது.

எக்கோசிஸ்டம் என்றால் என்ன?

சாதனங்கள், அவற்றை இயக்கும் மென்பொருள், இணையச் சேமிப்பகம், செயலி அங்காடி, பணம் செலுத்தும் வசதி ஆகியவை ஒரே பயனர் கணக்கின்கீழ் இணைந்து இயங்கும் ஏற்பாடே தொழில்நுட்பச் சூழலமைப்பு அல்லது 'எக்கோசிஸ்டம்' எனப்படுகிறது.

ஆப்பிள் நிறுவனம் சாதனங்களையும் மென்பொருளையும் தானே உருவாக்குகிறது. கூகுள் தனது ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைப் பல உற்பத்தியாளர்களுக்கு வழங்கி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் போன்ற சேவைகள் வழியே பயனர்களை இணைக்கிறது. சாம்சங், சியோமி போன்ற நிறுவனங்கள் அதே ஆண்ட்ராய்டின் மீது தங்களுக்கென ஓர் அடுக்கை அமைத்து, கைப்பேசி முதல் தொலைக்காட்சி வரை இணைக்கின்றன.

இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை. ஆகவே, எந்தச் சூழலமைப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைப்பவரும் கூகுள் கணக்கைத் தொடங்கிய நாளிலேயே ஒன்றுக்குள் வந்துவிடுகிறார்.

நன்மைகள் என்னென்ன?

முதல் நன்மை, வேலையின் தொடர்ச்சி. ஐபோனில் நகலெடுத்த ஒரு வரியை மேக் கணினியில் ஒட்டலாம். கைப்பேசியில் எழுதத் தொடங்கிய மின்னஞ்சலைக் கணினியில் முடிக்கலாம். கேலக்ஸி கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் இடையே சாம்சங் இத்தகைய வசதியை அளிக்கிறது. ஆப்பிளின் ஏர்டிராப், ஆண்ட்ராய்டின் குயிக் ஷேர் ஆகியவற்றின் மூலம் அருகிலுள்ள சாதனத்துக்குப் பெரிய காணொலிக் கோப்பையும் இணைய இணைப்பு இல்லாமலேயே அனுப்பலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. தொலைந்த ஐபோன் இணையத்தில் இல்லாதபோதும், அதன் புளூடூத் சமிக்ஞையை அருகில் செல்லும் பிற ஆப்பிள் சாதனங்கள் உணர்ந்து இருப்பிடத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்கின்றன. இதே முறையிலான வலையமைப்பை ஆண்ட்ராய்டு சாதனங்களுக்காக 2024-ல் கூகுள் தொடங்கியது.

மூன்றாவது, மென்பொருள் புதுப்பிப்பு. சாதனமும் மென்பொருளும் ஒரே கையில் இருக்கும்போது, ஆதரவு பெறும் அனைத்து மாடல்களுக்கும் புதுப்பிப்பு ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் வெளியிடும் மாற்றம், உற்பத்தியாளர் வழியே பயனரை அடைவதால் தாமதம் நேர்கிறது. எனினும் 2023-ல் பிக்சல் 8 வரிசைக்குக் கூகுளும், 2024-ல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் 7 ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாக அறிவித்தன.

நான்காவது, குடும்பப் பயன்பாடு. ஆப்பிள், கூகுள் ஆகிய இரண்டிலும் 6 பேர் வரை ஒரு குழுவாக இணைந்து சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளின் கைப்பேசிப் பயன்பாட்டு நேரத்தையும் பெற்றோர் வரையறுக்கலாம். வெளியூரில் வசிக்கும் வயதான பெற்றோரும் அதே வகைக் கைப்பேசியை வைத்திருந்தால், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடிகிறது. விளம்பரங்களில் இடம்பெறாத இந்தப் பயன், பல வீடுகளில் முதன்மையானது.

குறைபாடுகள் எவை?

மிகப் பெரிய குறை, ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற நேர்வதாகும். ஆப்பிள் வாட்ச்சை இயங்கச் செய்ய ஐபோன் தேவை. அது ஆண்ட்ராய்டு கைப்பேசியுடன் இணையாது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச்சில் 2021-ல் வெளியான நான்காம் வரிசை முதல் ஐபோனுக்கான ஆதரவு இல்லை. எனவே கைப்பேசியை மாற்றுபவர், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும் கைவிட வேண்டியுள்ளது. ஏர்பாட்ஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சாதாரண புளூடூத் கேட்பொறியாக இயங்கும். ஆனால் சாதனங்களுக்கு இடையே தானாக மாறுவது போன்ற வசதிகளை இழக்கும். ஓர் அங்காடியில் பணம் கொடுத்து வாங்கிய செயலி, மற்றோர் அங்காடிக்கு உடன் வருவதில்லை.

இரண்டாவது குறை, சேமிப்பகத்துக்கான தொடர் செலவு. ஆப்பிள் தனது ஐகிளவுடில் 5 ஜிபி இடத்தை இலவசமாக அளிக்கிறது. கூகுள் அளிக்கும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. கூகுள் போட்டோஸில் உயர்தரப் படங்களை வரம்பின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-ம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகளின் படங்கள் அங்கே குவிந்த பிறகே பலருக்குக் கட்டணம் தேவைப்பட்டது. கூகுள் கணக்கில் இடம் நிரம்பிவிட்டால், புதிய மின்னஞ்சலைப் பெறுவதும் அனுப்புவதும் தடைபடும். குழந்தையின் படங்களுக்கும் வங்கியிலிருந்து வரும் மின்னஞ்சலுக்கும் இடம் ஒன்றே என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

மூன்றாவது, எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி என்ற நிலை. கணக்கு முடங்கினாலோ, வேறொருவர் கைக்குப் போனாலோ, படங்கள், தொடர்பு எண்கள், கடவுச்சொற்கள், வாங்கிய செயலிகள் அனைத்தும் ஒருசேரப் பாதிக்கப்படும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. மறைந்த உறவினரின் கணக்கில் உள்ள படங்களைப் பாதுகாக்க நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்காவது, நிறுவனத்தின் முடிவே பயனரின் முடிவாகிவிடுவது. ஒரு காலத்தில் இந்திய அலுவலகங்களிலும் கல்லூரி மாணவர்களிடையேயும் விரும்பப்பட்ட பிளாக்பெரி, தனக்கெனத் தனி இயங்குதளத்தையும் பிபிஎம் என்ற தகவல் பரிமாற்றச் சேவையையும் கொண்டிருந்தது. பொதுப் பயனர்களுக்கான பிபிஎம் சேவை 2019 மே 31-ல் நிறுத்தப்பட்டது. 2022 ஜனவரி 4 முதல் பழைய இயங்குதளத்துக்கான சேவைகளும் நிறுத்தப்பட்டன. அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவைகூட இனி நம்பகமாக இயங்காது என அந்நிறுவனம் அறிவித்தது.

ஒழுங்குமுறை அமைப்புகள் கூறுவது என்ன?

வசதிக்காகக் கட்டப்பட்ட சுவர், போட்டியாளர்களைத் தடுக்கும் சுவராகவும் ஆகிறதா என்பதே உலகெங்கும் எழுந்துள்ள வழக்குகளின் மையக் கேள்வி.

இந்தியாவில், கைப்பேசி உற்பத்தியாளர்கள் கூகுள் செயலிகளின் முழுத் தொகுப்பையும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-ல் அந்நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆணையத்தின் சில உத்தரவுகளை மட்டும் ரத்து செய்தது. இந்த நடவடிக்கைகளுக்கு இடையே, இந்தியப் பயனர்கள் தங்களுக்கு விருப்பமான தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும், உற்பத்தியாளர்கள் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம் என்றும் கூகுள் அறிவித்தது.

அமெரிக்காவில், ஐபோனிலிருந்து பயனர்கள் விலகுவதை ஆப்பிள் கடினமாக்குவதாகக் குற்றஞ்சாட்டி அந்நாட்டு நீதித்துறையும் பல மாகாணங்களும் 2024 மார்ச் 21-ல் வழக்குத் தொடுத்தன. குறுஞ்செய்தி, ஸ்மார்ட் வாட்ச், டிஜிட்டல் பணப்பை ஆகியவை அதில் எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்பட்டன. இக்குற்றச்சாட்டை ஆப்பிள் மறுத்துள்ளது. தனது ஒருங்கிணைந்த வடிவமைப்பே பயனர்களின் பாதுகாப்புக்கும் தனியுரிமைக்கும் அடிப்படை என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

எண்ணுக்கு உள்ள உரிமை படத்துக்கு உண்டா?

இந்தக் கேள்வியை இந்தியா இதற்கு முன்பும் சந்தித்துள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனத்தை மாற்றினால் கைப்பேசி எண்ணையும் இழக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. உறவினர், வாடிக்கையாளர், வங்கி என அனைவருக்கும் புதிய எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்ற அச்சத்திலேயே பலர் சேவை பிடிக்காவிட்டாலும் விலகாமல் இருந்தனர். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலையில் அது வட்டங்களுக்கு இடையேயும் விரிவுபடுத்தப்பட்டது. 2016-ல் அறிமுகமான யுபிஐ முறையும் இதே கொள்கையில் அமைந்தது: பணம் அனுப்புபவரும் பெறுபவரும் வெவ்வேறு வங்கிகளையும் வெவ்வேறு செயலிகளையும் பயன்படுத்தலாம்.

இத்தகைய பொது விதி, படங்களுக்கும் கோப்புகளுக்கும் இன்னும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி, தனது தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் உரிமையை அளிக்கிறது. இந்தியாவின் 2019-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இந்த உரிமை இடம்பெற்றிருந்தது. ஆனால் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமைகள் அச்சட்டத்தில் உள்ளன. பெயர்த்து எடுத்துச் செல்வது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாக உள்ளது.

மெலியும் சுவர்கள்

அண்மைக்காலத்தில் சில தடைகள் தளர்ந்துள்ளன. அவற்றில் பல, சட்டமோ பொதுத் தரநிலையோ வந்த பின்னரே நிகழ்ந்தவை.

* கைப்பேசிகளுக்குப் பொதுவான யுஎஸ்பி டைப்-சி மின்னேற்றி என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2024 டிசம்பர் 28 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பாகவே, 2023-ல் வெளியான ஐபோன் 15 வரிசையில் ஆப்பிள் டைப்-சி முறைக்கு மாறியது.
* 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' தரநிலை, வெவ்வேறு நிறுவனங்களின் விளக்கு, மின்பொருத்தி போன்ற வீட்டுச் சாதனங்கள் இணைந்து இயங்க வழிவகுத்தது.
* 2024-ல் ஐஓஎஸ் 18 மூலம் ஐபோனில் ஆர்சிஎஸ் குறுஞ்செய்தி முறை சேர்க்கப்பட்டது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆதரவு உள்ள இடங்களில், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே தரம் குறையாத படங்களைச் செய்தியாக அனுப்ப இது உதவுகிறது.
* 2025 நவம்பரில், பிக்சல் 10 வரிசையில் தொடங்கி, குயிக் ஷேர் மூலம் ஆப்பிளின் ஏர்டிராப்புடன் கோப்புகளைப் பரிமாறும் வசதியைக் கூகுள் அறிமுகப்படுத்தியது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ் போன்றவற்றை வாங்கும்போது, வேறு நிறுவனக் கைப்பேசியுடன் எந்தெந்த வசதிகள் இயங்கும் என்பதைப் பெட்டியிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ சரிபார்க்க வேண்டும்.
* படங்களின் இரண்டாவது பிரதியை வெளிப்புற வன்வட்டில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சேமிப்பது நல்லது. கூகுள் கணக்கில் உள்ளவற்றை 'டேக்அவுட்' சேவை மூலம் பதிவிறக்கலாம். ஐகிளவுட் படங்களின் நகலைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பும் வசதியை ஆப்பிள் 2021 முதல் வழங்குகிறது.
* கணக்கை மீட்பதற்காகப் பதிவுசெய்த கைப்பேசி எண் இன்னும் தங்களிடம்தான் உள்ளதா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். கைவிடப்பட்ட எண்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வேறொருவருக்கு ஒதுக்கப்படுகின்றன.
* தமக்குப் பின் கணக்கை அணுக வேண்டியவரை முன்கூட்டியே நியமிக்கலாம். ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்', கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற பெயர்களில் இவ்வசதி உள்ளது.
* பழைய கைப்பேசியை விற்கும் முன்போ, வீட்டில் மற்றொருவருக்குக் கொடுக்கும் முன்போ, கணக்கிலிருந்து முறைப்படி வெளியேற வேண்டும். இல்லையெனில் புதிய பயனருக்கு அது பூட்டிய பெட்டியாகவே இருக்கும்.

யாருக்கு எது பொருத்தம்?

பல சாதனங்களை நாள்தோறும் மாறி மாறிப் பயன்படுத்துவோர், காணொலி, ஒளிப்படத் துறையினர், தொழில்நுட்பச் சிக்கல்களில் நேரம் செலவிட விரும்பாதோர் ஆகியோருக்கு ஒரே சூழலமைப்பு பயனளிக்கும். கைப்பேசியை அடிக்கடி மாற்றுவோரும், ஒவ்வொரு சாதனத்தையும் விலை பார்த்துத் தனித்தனியே வாங்குவோரும், எல்லா இயங்குதளங்களிலும் கிடைக்கும் செயலிகளையும் பொதுத் தரநிலையிலான சாதனங்களையும் தேர்ந்தெடுப்பது சிக்கனமானது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், சாதனங்களை மீண்டும் வாங்கிவிடலாம்; இழந்த படங்களை வாங்க இயலாது. ஆகவே, புதிய சாதனத்தின் வசதிகளைக் கேட்டறியும்போதே, நாளை வேறு நிறுவனத்துக்கு மாறினால் எவையெல்லாம் உடன் வரும் என்ற கேள்வியையும் விற்பனையாளரிடம் கேட்டுவிடுவது பயனளிக்கும்.