பாண்டின்னு தேடினா...

கூகிளாண்டவர்கிட்ட வெறுமனே "பாண்டி"ன்னு கேட்டுப் பாருங்க. எங்க ஊரும் வரும், பசங்க கட்டம் போட்டு நொண்டியடிக்கிற விளையாட்டும் வரும், மதுரை பாண்டி கோயிலும் வரும், 2008-ல வந்த சினிமாவும் வரும். எல்லாம் ஒரே வரிசையில, மேலேர்ந்து கீழ. இதைத் தலைப்பு வாரியா கொத்துக் கொத்தா பிரிச்சுக் குடுத்தா என்னன்னு ஒரு காலத்துல பெரிய பெரிய ஆளுங்க மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. (கொத்து பரோட்டா இல்லீங்க :-))

கதை 1992-ல தொடங்குது. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்துல கட்டிங், கார்கர், பெடர்சன், டூக்கின்னு நாலு பேர் ஒரு முறையைச் சொன்னாங்க. ஆவணங்களை இறைச்சு சில குவியலாக்கணும், படிக்கிறவர் வேண்டிய குவியலை எடுக்கணும், அதை மறுபடி இறைக்கணும். 1998-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஓரன் ஜமீர், ஓரன் எட்சியோனி ரெண்டு பேரும் அதைத் தேடல் முடிவுகளுக்குத் தோதா மாத்தினாங்க. முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டாம், தலைப்பும் கூட வர்ற ரெண்டு வரியும் போதும். அதுல ஒரே சொற்றொடர் எதுலெல்லாம் வருதோ அதெல்லாம் ஒரு கொத்து. ஒரு பக்கம் ரெண்டு கொத்துலயும் இருக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் கடைசி விஷயம்தான்.

2000-ல பிட்ஸ்பர்க்ல விவிசிமோ வந்துது. அவங்களே 2004-ல கிளஸ்டின்னு ஒரு தேடுபொறி விட்டாங்க. இடது பக்கம் கொத்துகளின் பட்டியல், வலது பக்கம் முடிவுகள். 2010-ல கிளஸ்டி கைமாறி யிப்பி ஆச்சு. 2012-ல விவிசிமோவை ஐபிஎம் வாங்கிடுச்சு. வரிசைப் பட்டியல்தான் ஜெயிச்சுது.

பிரிக்கிறதை மெஷின் நல்லாவே செஞ்சுது. பேர் வைக்கிறதுதான் தகராறு. சொல்லை எண்ணித்தான் அது பேர் வைக்கும். தமிழ்ல எண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்? புதுச்சேரி, புதுச்சேரியில், புதுச்சேரிக்கு, புதுச்சேரியிலிருந்து... வேர்ச்சொல்லைப் பிரிக்கத் தெரியாத மெஷினுக்கு நாலும் நாலு ஊர். போதாக்குறைக்கு எங்க ஊருக்குப் பேரும் ஜாஸ்தி. 2006 அக்டோபர் 1-ல இங்கிலீஷ்லயும் சட்டப்படி "புதுச்சேரி" ஆச்சு. அதுக்கு முந்தின இங்கிலீஷ் காகிதமெல்லாம் "பாண்டிச்சேரி". பிரெஞ்சுக்காரன் எழுதினதெல்லாம் "பொந்திஷேரி". கவிஞர்களுக்கு "புதுவை". ஆனா ஆண்டாள் பாசுரத்துல வர்ற புதுவை எங்க ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்! சொல்லை மட்டும் பார்க்கிற மெஷின் ஆண்டாளையும் பிரெஞ்சு கவர்னரையும் ஒரே கொத்துல கட்டிடும்.

இங்கதான் நம்மாள் ஒருத்தர் ஞாபகத்துக்கு வர்றார். புதுவையிலிருந்து கடலூர், சிதம்பரம் தாண்டினா சீர்காழி. 1892-ல அங்க பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரா போனார். போன புதுசுல போரடிச்சு, வாத்தியார் வேலைக்கே திரும்பிடறேன்னு நின்னவர். லண்டன் போய்ப் படிச்சிட்டு வந்து சொல்லுங்கன்னு அனுப்பி வெச்சாங்க. அங்க ஒரு கடையில மெக்கானோ பொம்மை பார்த்தார். துண்டு துண்டா இருக்கிற தகட்டையும் திருகாணியையும் வெச்சு என்ன வேணா கட்டலாம். புத்தகத்தோட பொருளையும் இப்படிக் கட்டினா என்னன்னு தோணிச்சு. 1933-ல கோலன் பகுப்பு முறை அச்சாச்சு. திருகாணிக்குப் பதிலா முக்காற்புள்ளி, அவ்வளவுதான்.

பின்னால அவர் அஞ்சு கேள்வியா அதைத் தெளிவாக்கினார். எதைப் பத்தி? எதால ஆனது? என்ன நடக்குது? எங்கே? எப்போ? பதில் இல்லாத கேள்வியை விட்டுடலாம். மெஷின் முதல்ல குவிச்சுட்டு அப்புறம் பேர் தேடுது. இவர் முதல்லயே கேள்வியை வெச்சுட்டு அப்புறம் அடுக்கினார். "எங்கே?"ன்னு கேட்ட உடனே ரெண்டு புதுவையும் தனித்தனியா போயிடும். ஆனா கேள்விக்குப் பதில் எழுத, விஷயம் தெரிஞ்ச ஒரு மனுஷன் உட்காரணும். கோடிக்கணக்கான பக்கத்துக்கு யார் உட்கார்றது? நியாயமான கேள்விதான்.

ஆனாலும் உட்கார்ந்த ஆளுங்க இருக்காங்க. 1955-ல தொடங்கின பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இங்க செயின்ட் லூயி தெருவுல இருக்கு. இந்த ஊர்ல இருக்கிற சைவச் சுவடிகளை 2005-ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேர்த்தப்ப, அதுல பெரும் பங்கு இவங்க சேகரிப்புதான். ஒரு கட்டைப் பிரிச்சா உள்ள பல நூல் இருக்கும், நடுவுல ஏடு காணாமலும் போயிருக்கும். கட்டு ஒண்ணுதானேன்னு ஒரே பேர் எழுதி வெச்சா மத்த நூலெல்லாம் தொலைஞ்ச மாதிரி. ஏடு ஏடா படிச்சுத்தான் பட்டியல் போடணும்.

சொல்லை எண்ணினா எது தொலையும்னு சொல்றேன். பாரதியார் 1908-ல இங்க வந்ததுக்கப்புறம் இந்த ஊர்லேர்ந்து வெளிவந்த வாரப் பத்திரிகையோட பேர் "இந்தியா". பிரிட்டிஷ் பகுதிக்குள்ள நுழையத் தடை வந்து 1910-ல நின்னு போச்சு. இப்போ "இந்தியா புதுச்சேரி தடை"ன்னு தேடிப் பாருங்க. பிளாஸ்டிக் தடையில ஆரம்பிச்சு எல்லாத் தடையும் வரும். பத்திரிகையைத் தேடிப் பிடிக்க எத்தனையாவது பக்கம் வரைக்கும் போனீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.