மெரிமாக் ஆறும் ஒரு மணல் தொட்டியும்



நீரின் தூய்மையை அறிய அதன் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். இம்மூன்றிலும் பெரிய மாற்றம் தெரியாத ஆற்றுநீரும் மரணத்தைச் சுமந்து வரலாம் என்பதை அமெரிக்காவின் லோரன்ஸ் என்னும் ஆலை நகரம் பெருவிலை கொடுத்தே அறிந்தது.

மசாசுசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றை மறித்து நெசவாலைகளுக்காக உருவாக்கப்பட்ட ஊர் அது. 1890 இல் அங்கு ஏறத்தாழ 45,000 பேர் வாழ்ந்தனர். குடிப்பதும் அந்த ஆற்றையே. கழிவை விடுவதும் அந்த ஆற்றிலேயே. மேலே ஏறத்தாழ 9 மைல் தொலைவில் லொவெல் நகரம் இருந்தது. அதன் வழக்கமும் இதுவே.

1890 இன் பிற்பகுதியில் லொவெலில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. பின்னர் லோரன்ஸிலும் பரவியது. வில்லியம் செட்ஜ்விக் என்ற விஞ்ஞானி வீடு வீடாக விசாரித்துத் தடம் பிடித்தார். லொவெலுக்கு மேலே ஒரு சிற்றோடைக் கரையிலிருந்த மலசலகூடங்களை நோயாளிகள் பயன்படுத்தியிருந்தனர். ஓடை ஆற்றில் கலந்தது. ஆறு லொவெலின் குழாய்களுக்குள் புகுந்தது. லொவெலின் கழிவு லோரன்ஸின் குழாய்களுக்குள் புகுந்தது. ஓடும் நீர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று அக்காலத்தில் பலர் நம்பியிருந்தனர். ஆற்றுக்கு அதற்குரிய அவகாசம் கிடைக்கவில்லை.

வியப்பு என்னவெனில், இதற்கான மருந்து அதே ஊரில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்ததுதான். மாநிலச் சுகாதாரச் சபை 1887 இலேயே லோரன்ஸில் ஒரு பரிசோதனை நிலையத்தை நிறுவியிருந்தது. அதனை நெறிப்படுத்தியவர் ஹைரம் மில்ஸ் என்னும் பொறியியலாளர். மணல் நிரப்பிய தொட்டிகளில் கழிவுநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, இடையிடையே மணலை ஓயவிட்டார்கள். ஓயும் வேளையில் மணலிடுக்குகளில் காற்று புகுந்தது. மணற்துகள்களில் குடியிருந்த பற்றீரியாக்கள் அந்த ஒட்சிசனைக் கொண்டு அழுக்கைச் சிதைத்தன. வெறும் வடிகட்டல் அல்ல இது. பெரிய சரளைக் கற்களின் மீது மெதுவாக வழியவிட்டபோதும் கழிவுநீர் தெளிந்தது. ஆற்றில் நேரும் கேடும் இதன் மறுபக்கமே: அங்கே அதே பற்றீரியாக்கள் ஆற்றின் ஒட்சிசனை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

1893 இல் மில்ஸின் திட்டப்படி குடிநீருக்கான மணல் வடிகட்டி இயங்கத் தொடங்கியது. நெருப்புக்காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதன் பின்னரும் நோயுற்றோருள், ஆலைக் கால்வாயின் நீரை அப்படியே அருந்திய தொழிலாளர் பலர்.

ஆனால், பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தாம் குடிக்கும் நீரைத் தூய்மையாக்கினார்கள். தாம் வெளியேற்றும் நீரையோ அப்படியே விட்டுவிட்டார்கள். ஆற்றின் கீழே ஹேவர்ஹில் போன்ற ஊர்கள் இருந்தன.

அறிவு மட்டும் கடல் கடந்தது. 1912 இல் மன்செஸ்டரிலிருந்து வந்த கில்பேர்ட் பௌளர், லோரன்ஸில் கழிவுநீருக்குள் காற்றூட்டும் பரிசோதனையைக் கண்டு திரும்பினார். அதைத் தொடர்ந்து ஆடனும் லொக்கெட்டும் படிந்த சேற்றை வீசாமல் வைத்து மீண்டும் மீண்டும் காற்றூட்டினர். முதலில் வாரக்கணக்கில் எடுத்த சுத்திகரிப்பு ஒரே நாளுக்குள் முடிந்தது. 1914 இல் அவர்கள் வெளியிட்ட அந்த ‘உயிர்ப்பூட்டிய சேற்று’ முறையே இன்று உலகின் எண்ணற்ற நகரங்களில் இயங்குகிறது.

லோரன்ஸும் அயலூர்களும் சேர்ந்து அமைத்த கழிவுநீர் நிலையம் எப்போது இயங்கியது தெரியுமா? 1977 இல்! பரிசோதனை நிலையம் திறந்து 90 ஆண்டுகளின் பின்னர். அதுவும் 1972 இன் தூய நீர்ச் சட்டம் வந்த பிறகு.

மறு ஆண்டு, 1978 இல், சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை இவ்விடயத்தில் ஒரு தீர்ப்பு வழங்கியது. நிறம், சுவை, மணம் மூன்றிலும் அசுத்தத்தின் சுவடு நீங்கியதென நம்பகமான நிபுணர்கள் சான்று கூறினால், சுத்திகரித்த கழிவுநீர் வுழூவுக்கும் ஆகும் என்றது. குடிப்பதை மட்டும் சுகாதாரம் கருதித் தவிர்ப்பது நல்லது என்றது.

லோரன்ஸ் மக்கள் இன்றும் மெரிமாக் நீரையே வடிகட்டி அருந்துகின்றனர். பழைய குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாக ஓடுவதால், அடைமழை நாட்களில் நிலையம் தாங்காமல் கழிவு நேரே ஆற்றில் விழுகிறது. அவ்வாறு விழும்போது பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று மாநிலம் 2021 இல்தான் சட்டமியற்றியது.